வியாழக்கிழமை மாலை எங்கள் செபக்குழுவில் என்ன நடக்கிறது?

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில், சி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை பேசியது. அன்று வர இயலாதவர்கள் பலர் கேட்டதால் எழுத்து வடிவில் இங்கே தருகிறோம். – ஆசிரியர் குழு)



முப்பத்து நான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் பேசியிருக்கிறேன். அங்கே பிள்ளைகள் நினைத்தபோது எழுந்து போக முடியாது. உங்களால் முடியும். அதனால் கொஞ்சம் பயத்தோடுதான் நிற்கிறேன்.

என்னைப் பேசச் சொன்ன காரணம் எல்லோருக்கும் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன்னால் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்தது. "சி பிளாக் மூன்றாவது மாடியில் வியாழக்கிழமைதோறும் கைதட்டலும் அழுகைச் சத்தமும் கேட்கிறது. என்ன நடக்கிறது அங்கே?" அதற்குக் கீழே மளமளவென்று பதில்கள். ஒருவர் பேய் ஓட்டுகிறார்கள் என்றார். ஒருவர் மதமாற்றம் என்றார். இன்னொருவர் சிரிக்கும் பொம்மை போட்டார், அதற்கு ஒன்பது பேர் லைக் போட்டார்கள். நான் நீளமாக ஒரு பதில் தட்டி, படித்துப் பார்த்து, அழித்துவிட்டேன். கோபத்தில் எழுதியது. மறுநாள் செயலாளர் சார் வீட்டுக்கு வந்து, "டீச்சர், போனில் எழுதினால் சண்டையில்தான் முடியும். கூட்டத்தில் நேரில் சொல்லிவிடுங்கள்" என்றார். நல்ல யோசனை.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் கத்தோலிக்கர்கள். ஞாயிற்றுக்கிழமை பங்குக் கோயிலில் பூசை காண்கிறவர்கள், மாதாவுக்குச் செபமாலை சொல்கிறவர்கள், ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு டிக்கெட் தேடி அலைகிறவர்கள். புதிய சபை எதுவும் தொடங்கிவிடவில்லை. எங்கள் பங்கில் அன்பியங்கள் இருக்கின்றன, வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறது, மரியாயின் சேனை இருக்கிறது. அதுபோல அருங்கொடைச் செபக்குழுவும் ஒன்று. ஆங்கிலத்தில் கரிஸ்மாட்டிக் என்பார்கள்.

கரிஸ்மா என்றால் எம்.ஜி.ஆருக்கு இருந்தது என்றுதான் நம்மில் பலருக்குத் தெரியும். மூலச் சொல் கிரேக்கம். காரிஸ் என்றால் அருள். அருளால், சும்மா, தகுதி பார்க்காமல் கொடுக்கப்பட்டது காரிஸ்மா. தமிழில் அருங்கொடை என்று அழகாக வைத்திருக்கிறார்கள். நான் சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில் ஞானம், புத்தி, விமரிசை, அறிவு, திடம், பக்தி, தெய்வபயம் என்று பரிசுத்த ஆவியின் ஏழு கொடைகளையும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்திருக்கிறேன். விமரிசை என்றால் என்ன என்று சிஸ்டரிடம் கேட்டதற்கு, "முதலில் மனப்பாடம் செய், பிறகு புரியும்" என்றார். நாற்பத்தேழாவது வயதில்தான் புரிய ஆரம்பித்தது.

அந்த ஏழு கொடைகளும் ஒருவர் தன் வாழ்க்கையை நேராக நடத்திக்கொள்ள. அருங்கொடை என்று புனித பவுல் கொரிந்து நகரத்துக்காரர்களுக்கு எழுதுவது வேறு வகை. குணமாக்குவது, இறைவாக்குச் சொல்வது, பரவச மொழியில் பேசுவது, உதவி செய்வது, நிர்வாகம் செய்வது என்று பட்டியல் போடுகிறார். ஆமாம், நிர்வாகமும் அதில் இருக்கிறது. நம் செயலாளர் சாரும் கணக்கில் வருவார். இவையெல்லாம் அடுத்தவருக்காகக் கொடுக்கப்படுகிறவை. கொரியர்க்காரர் கையில் பார்சல் இருப்பதுபோல. கையில் இருக்கிறதே தவிர அவருடையது இல்லை. நான் இன்று சொல்லப்போவதில் பாதி, இதை நாங்கள் மறந்துபோன கதை.

இந்த இயக்கம் எப்படி வந்தது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். 1967 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில், தூய ஆவி சபைக் குருக்கள் நடத்தும் டியூகேன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏறத்தாழ இருபத்தைந்து மாணவர்களும் சில ஆசிரியர்களும் ஊருக்கு வெளியே ஒரு தியான இல்லத்துக்குப் போனார்கள். திருத்தூதர் பணிகள் நூலின் முதல் நான்கு அதிகாரங்களைப் படித்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை தண்ணீர் வரத்து நின்றுவிட்டது. தியானத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டிய நிலை. தண்ணீருக்காகச் செபித்தார்கள், வந்தது என்று அங்கிருந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். (நம் குடியிருப்பில் செபத்தோடு ஒரு போர்வெல் கமிட்டியும் தேவைப்படும்.) அன்று இரவு பிறந்தநாள் விருந்து ஒன்று ஏற்பாடாகியிருந்தது. அதை விட்டுவிட்டு மாணவர்கள் ஒவ்வொருவராகச் சிற்றாலயத்துக்குப் போனார்கள். சிலர் அழுதார்கள், சிலர் சிரித்தார்கள், சிலர் முகங்குப்புற விழுந்து கிடந்தார்கள். கடவுள் தங்களுக்கு மிகவும் பக்கத்தில் வந்துவிட்டார் என்று உணர்ந்தார்கள். அதுதான் தொடக்கம்.

இந்தியாவுக்கு 1970-களின் தொடக்கத்திலேயே, மும்பை வழியாக வந்துவிட்டது. 1975-ல் பெந்தகோஸ்து திருநாளை ஒட்டி உரோமையில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் கூடினார்கள், திருத்தந்தை ஆறாம் பவுல் அவர்களைச் சந்தித்துப் பேசினார். நம் பக்கத்தில் பலருக்கு இது கேரளத்தின் சாலக்குடி வழியாகத் தெரியும். அங்கே முரிங்கூர் தியான மையத்துக்கு ஒரு வாரத் தியானத்துக்கு ரயிலேறிப் போன தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ. என் அக்கா அப்படிப் போனவர்தான். குடிகாரக் கணவரை இழுத்துக்கொண்டு போனார். அத்தான் குடியை விடவில்லை. அக்கா அழுவதை விட்டார். அதுவும் ஒரு வகைக் குணம்தான்.

எல்லோருக்கும் இது பிடித்துவிடவில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அர்ஜென்டினாவில் இருந்த காலத்தில் இவர்களைக் கண்டாலே ஆகாது, வழிபாட்டையும் சம்பா நடனப் பள்ளியையும் குழப்பிக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். பிறகு மனம் மாறி, 2014-ல் உரோமை ஒலிம்பிக் மைதானத்தில் இவர்களோடு போய் முழந்தாளிட்டார். ஆகவே சிரிக்கும் பொம்மை போட்டவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

இப்போது வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

சாயங்காலம் ஆறரைக்குத் தொடங்குவோம். இருபது பேர், மழை பெய்தால் எட்டுப் பேர். உள்ளே வரும்போது "இயேசுவுக்கே புகழ்", "மரியே வாழ்க" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். முதல் அரைமணி நேரம் பாட்டும் புகழ்ச்சியும். இதுதான் உங்களுக்குக் கேட்கிற கைதட்டல். இந்தப் புகழ்ச்சி எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். சாதாரணமாகக் கடவுளிடம் போனால் நாம் என்ன செய்கிறோம்? மகளுக்கு வரன், பேரனுக்கு சீட், முழங்கால் வலி. ரேஷன் கடை வரிசை மாதிரி. அரைமணி நேரமாவது எதையும் கேட்காமல் நிற்பது ஒரு பழக்கம். கஷ்டமான பழக்கம். முதல் ஆறு மாதம் எனக்கு வாயே திறக்கவில்லை. எல்லோரும் கையைத் தூக்கியிருப்பார்கள், நான் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அதற்கு நடுவே சில சமயம் எந்த மொழியும் இல்லாத மொழியில் சிலர் மெல்லப் பேசுவது கேட்கும். அதைத்தான் வராண்டாவில் போன தம்பி ஒருவர் "மந்திரம்" என்று நினைத்துவிட்டார். பரவச மொழி என்பார்கள். கைக்குழந்தை வார்த்தை தெரியாமல் அம்மாவிடம் குழறுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது இல்லை. பத்தொன்பது வருடமாகப் போகிறேன், வரவில்லை. அது இருந்தால்தான் தூய ஆவி இருக்கிறார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் காலத்திலேயே கொரிந்தில் இதை வைத்துப் பெருமையடித்திருக்கிறார்கள். பவுல் கண்டித்து எழுதுகிறார்: இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், அதுவும் ஒருவர்பின் ஒருவராக, விளக்கம் சொல்ல ஆள் இல்லையென்றால் சபையில் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று. நல்ல தலைமையாசிரியர் மாதிரி.

பிறகு பைபிள் வாசகம். அன்றைய திருப்பலிக்குக் குறிக்கப்பட்ட வாசகம்தான், எங்கள் இஷ்டத்துக்கு எடுப்பதில்லை. பிறகு பத்து நிமிடம் மௌனம். வெளியே இருந்து கேட்பவர்களுக்கு இந்த மௌனம் தெரியாது, கைதட்டல்தான் தெரியும். எனக்கு அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் வியாழக்கிழமையே. பிறகு யாராவது ஒருவர் தன் வாரத்தில் நடந்ததைச் சொல்வார். கடைசியில் மன்றாட்டு. ஒருவர் தோளில் இன்னொருவர் கை வைத்துச் செபிப்போம். எட்டு மணிக்கு டீ.

அழுகை? ஆமாம், அழுவார்கள். எங்கள் குழுவில் ஒரு பெரியம்மா இருக்கிறார். பையன் வெளிநாட்டில், போன் செய்து நான்கு மாதமாகிறது. அவரைப் பார்த்து "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிற்கிற இடம் வாரத்தில் அது ஒன்றுதான். அவர் அழாமல் என்ன செய்வார்? கத்தி அழுவதையும் கீழே விழுவதையும் நாங்கள் ஊக்கப்படுத்துவதில்லை. வந்த அழுகையை அடக்கச் சொல்வதும் இல்லை.

இனி மதமாற்றம். இதை நேராகவே பேசிவிடலாம். எங்கள் கூடுகையில் "ஆவியில் திருமுழுக்கு" என்ற வார்த்தை அடிக்கடி வரும். திருமுழுக்கு என்றால் ஞானஸ்நானம். கதவுக்கு வெளியே அந்த வார்த்தை மட்டும் காதில் விழுந்தால் சந்தேகம் வருவது நியாயம்தான். ஆனால் அதில் தண்ணீரும் இல்லை, பெயர் மாற்றமும் இல்லை. அது தேவதிரவிய அனுமானமே இல்லை. குழந்தையில் ஞானஸ்நானம் பெற்று, பள்ளி வயதில் ஆயரிடம் உறுதிபூசுதல் பெற்று, அதோடு எல்லாவற்றையும் பீரோவில் பூட்டிவிட்ட எங்களைப் போன்றவர்களுக்கான செபம் அது. உள்ளே இருப்பதைக் கொஞ்சம் ஊதிவிடுவது, சாம்பல் மூடிய கரியை ஊதுவதுபோல. ஏழு வாரம் தயாரித்து, பிறகு கை வைத்துச் செபிப்பார்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் வளர்ந்த ஒருவர் புதிதாக ஞானஸ்நானம் பெற வேண்டுமென்றால் பங்குத்தந்தையிடம் நீண்ட நாள் படித்துத் தயாராக வேண்டும். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், என் வீட்டு ஹாலில், டீக்கு முன்னால் யாரையும் கிறிஸ்தவராக்க வழியே கிடையாது.

பக்கத்து வீட்டார் ஆபரேஷனுக்கு முன்னால், பரீட்சைக்கு முன்னால் "எனக்காகவும் வேண்டிக்கோங்க டீச்சர்" என்று சொல்வதுண்டு. வேண்டிக்கொள்கிறோம். கேட்காதவர் தலையில் கை வைப்பதில்லை. என் நம்பிக்கையைப் பற்றி யாராவது கேட்டால் சொல்வேனா? சந்தோஷமாகச் சொல்வேன், இப்போது சொல்வதுபோல. உண்மையைச் சொன்னால், ஆள் போவதுதான் எங்களுக்குப் பிரச்சினை. எங்கள் குழுவில் சூடு பிடித்து, பூசை சப்பென்று இருக்கிறது என்று வேறு சபைகளுக்குப் போனவர்கள் ஐந்து பேர். அவர்கள் இன்னும் என் தோழிகள். கிறிஸ்துமஸுக்குக் கேக் வருகிறது.

இனி நான் சொல்லத் தயங்குவது. சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சுக்கே அர்த்தமில்லை.

எங்கள் குழுவில் ஒரு அக்கா. இங்கே நம் குடியிருப்பில்தான் இருக்கிறார். அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் சொல்கிறேன். பல வருடமாகச் சர்க்கரை. சில வருடங்களுக்கு முன் வெளியூரில் ஒரு பெரிய குணமளிக்கும் கூட்டத்துக்குப் போனார். எங்கள் பங்கு நடத்தியது அல்ல. மேடையிலிருந்து, "இங்கே சர்க்கரை நோயுள்ள ஒரு சகோதரி குணமாகிறார்" என்று ஒரு குரல். அக்கா அது தனக்குத்தான் என்று நினைத்தார். அன்றோடு மாத்திரையை நிறுத்தினார். அடுத்த வியாழக்கிழமை எங்கள் முன்னால் நின்று சாட்சி சொன்னார். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன்.

எனக்கு அப்போது ஒரு கேள்வி வந்தது. "ரத்தம் டெஸ்ட் பார்த்தீர்களா அக்கா?" நாக்கு நுனி வரை வந்தது. கேட்டால் நம்பிக்கையில்லாதவள் என்று நினைப்பார்களோ என்று விழுங்கிவிட்டேன். முப்பது வருடம் பிள்ளைகளிடம் கேள்வி கேள், கேள்வி கேள் என்று சொன்னவள் நான்.

மூன்று வாரம் கழித்து இரவு இரண்டு மணிக்கு அவர் மகள் என் கதவைத் தட்டினாள். அம்மாவுக்கு நினைவில்லை, காலில் புண் கறுத்துக் கிடக்கிறது. ஆம்புலன்ஸ் வரத் தாமதம். கீழ் வீட்டு சார் சத்தம் கேட்டு வெளியே வந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை, காரை எடுத்தார். அக்கா பிழைத்துக்கொண்டார். வலது காலில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

அந்தக் கீழ் வீட்டு சாருக்கும் எனக்கும் அப்போது ஒன்றரை வருடமாகப் பேச்சு இல்லை. காரணம் என் குளியலறைக் கசிவு. அவர் வீட்டு ஹால் சீலிங்கில் ஈரம் இறங்கி பெயின்ட் உரிந்தது. பைப் என்னுடையது இல்லை, பொதுப் பைப், சங்கம்தான் பார்க்க வேண்டும் என்று நான் வாதாடினேன். என் குளியலறைத் தரைதான் என்று எனக்கு உள்ளூரத் தெரியும். அந்த ஒன்றரை வருடமும் வியாழக்கிழமை தவறாமல் அவர் தலைக்கு மேலே நின்றுதான் கையைத் தூக்கிப் பாடிக்கொண்டிருந்தேன். அவர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். சிரிக்காதீர்கள் சார்.

அடுத்த வாரம் பங்குத்தந்தை எங்கள் கூடுகைக்கு வந்தார். திட்டவில்லை. "அன்று கைதட்டியவர்கள் கை தூக்குங்கள்" என்றார். எல்லாக் கையும் மேலே போனது. பிறகு சீராக் நூலின் 38-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசிக்கச் சொன்னார். மருத்துவரை மதிக்க வேண்டும், அவரையும் மருந்தையும் படைத்தது கடவுள்தான், புத்தியுள்ளவர் மருந்தை ஒதுக்க மாட்டார் என்கிற பொருளில் போகும் பகுதி. எங்கள் பைபிளில் எத்தனையோ வருடமாக இருக்கிறது, நாங்கள் திறக்காத பக்கம். உரோமையிலிருந்து 2000-ஆம் ஆண்டிலேயே குணமளிக்கும் செபங்களைப் பற்றித் தனி அறிவுரை வந்திருக்கிறது, அதில் வெறிக்கூச்சல், நாடகத்தனம், பரபரப்பு இவற்றுக்கு இடமே கூடாது என்று இருக்கிறது என்றும் எடுத்துச் சொன்னார்.

அன்றிலிருந்து எங்கள் குழுவில் சில வழக்கங்கள். குணமானேன் என்று சாட்சி சொல்ல வேண்டுமென்றால் டாக்டர் பார்த்த பிறகுதான். மாத்திரையை நிறுத்து என்று எங்களில் யாருக்கும் யாரிடமும் சொல்ல உரிமையில்லை. பூட்டிய அறையில் ஒருவருக்கு ஒருவர் தனியாகச் செபிப்பதில்லை, மூன்றாவது ஆள் கூட இருக்க வேண்டும். செபத்துக்குப் பணம் கிடையாது. "ஆண்டவர் உனக்கு இதைச் சொல்கிறார்" என்று யாராவது எழுந்தால், அந்த வார்த்தையை இரண்டு மூன்று பேர் சேர்ந்து யோசித்துப் பார்க்கும்வரை அதன்படி ஒன்றும் செய்யக்கூடாது, கல்யாணம், வேலை, வீடு விற்பது போன்ற விஷயங்களில் சொல்லவே கூடாது. இதற்கு எங்கள் வட்டாரத்தில் தேர்ந்து தெளிதல் என்று பெயர். எனக்கு யாராவது "உங்கள் குழுவின் அருங்கொடை என்ன" என்று கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன். கைதட்டலைவிட இது கஷ்டமானது, பார்க்க ஒன்றும் இருக்காது. யூடியூப்பில் போட்டால் நூறு பேர்கூடப் பார்க்க மாட்டார்கள்.

அப்படியென்றால் குணமளிக்கும் அருங்கொடையை நம்பவில்லையா என்று எங்கள் ஆட்களே கேட்கிறார்கள். நம்புகிறேன். அந்த அக்காவுக்காக இன்றும் செபிக்கிறோம், இன்சுலின் போட்ட பிறகு. கடவுள் கேட்பார் என்றுதான் கேட்கிறோம். எப்படிக் கொடுப்பார் என்று அவருக்கு நாங்கள் பாடம் எடுப்பதை நிறுத்திவிட்டோம்.

நான் குளியலறைத் தரையை உடைத்துப் போட்டேன். பதினெட்டாயிரம் ஆனது. கொத்தனார் வந்த அன்று கீழ் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். சார் வீட்டம்மா காபி கொடுத்தார். அந்த வாரம் கூடுகையில் யாருக்கும் பரவசமோ இறைவாக்கோ இல்லை, பாட்டுக்கூடச் சுதி சேரவில்லை. ஆனால் நான் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு நின்றது நினைவிருக்கிறது.

எங்கள் ஆன்மீக வாழ்க்கை என்று சொன்னால் அதன் பெரும்பகுதி வியாழக்கிழமைக்கு வெளியேதான். காலையில் அரைமணி நேரம் பைபிளோடு உட்காருவது, மாதம் ஒருமுறை பாவசங்கீர்த்தனம். பல நாள் ஒன்றும் தோன்றாது, கண்ணை மூடினால் தண்ணீர் லாரிதான் வரும். பெரும்பாலான நாட்கள் அப்படித்தான். தியானத்தில் வந்த அந்த முதல் சூடு இரண்டு வருடத்தில் ஆறிவிடும். அப்போதுதான் பலர் அடுத்த தியானம், அடுத்த மேடை என்று தேடிப் போகிறார்கள். ஆறின பிறகும் வருகிறவர்களால்தான் குழு நிற்கிறது.

மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை நாங்கள் அரசு மருத்துவமனைக்குப் போகிறோம். துணைக்கு ஆள் இல்லாத நோயாளிகளுக்கு வெந்நீர் பிடித்துக் கொடுப்பது, தலை வாரிவிடுவது, ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போவது. அங்கே சத்தமாகச் செபிப்பதில்லை, துண்டுப் பிரசுரம் கொடுப்பதில்லை. 2019-ல் உலகெங்கும் உள்ள இப்படிப்பட்ட குழுக்களுக்கென்று காரிஸ் என்று ஓர் அமைப்பை உரோமை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, திருத்தந்தை கேட்ட மூன்று விஷயங்களில் ஒன்று ஏழைகளுக்குச் சேவை. மற்ற இரண்டு, இந்த ஆவி அனுபவத்தை எல்லோரோடும் பகிர்வது, கிறிஸ்தவர்களுக்குள் ஒற்றுமைக்கு உழைப்பது. மூன்றாவதில் நாங்கள் பாஸ் மார்க்தான். கேக் பரிமாற்றத்தோடு நிற்கிறது.

கடைசியாக, சத்தம். இதில் நாங்கள் குற்றவாளிகள்தான். சென்னை மாதவரம் நெடுஞ்சாலையில் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி என்று ஒரு குடியிருப்பு. அதன் நலச் சங்கம், நம்மைப் போல ஒரு சங்கம், பக்கத்தில் ஒரு பெந்தகோஸ்தே சபையின் ஒலிபெருக்கிச் சத்தத்தை எதிர்த்து வழக்குப் போட்டது. 2000-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒலிபெருக்கி வைத்தோ மேளம் அடித்தோ அடுத்தவர் அமைதியைக் கெடுத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று தீர்ப்பு வந்தது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவு பத்து மணிக்கு மேல் 45 என்பது விதி. என் பேரன் போனில் ஒரு ஆப் போட்டு அளந்தான். எங்கள் பாட்டு 70-ஐத் தாண்டியது. டேம்பரின் சேர்ந்தால் இன்னும் மேலே. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, ஏதோ என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டதுபோல.

டேம்பரினை பீரோவில் வைத்துவிட்டோம். மைக் முன்பும் இல்லை, இனியும் இல்லை. வராண்டாப் பக்கம் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம், மின்விசிறி போதவில்லை என்று இரண்டு பேருக்குக் கோபம். பொதுத்தேர்வு நடக்கும் மார்ச், ஏப்ரலில் கூடுகையைப் பங்குக் கோயில் வளாகத்துக்கு மாற்றிக்கொள்ளப் பங்குத்தந்தை சம்மதித்திருக்கிறார். எட்டு மணிக்கு மேல் சத்தம் கேட்டால் எனக்குப் போன் செய்யுங்கள். குழுவில் போட வேண்டாம், என் பெல்லை அடியுங்கள்.

லிஃப்ட் வாசலில் இருபது ஜோடிச் செருப்பு கிடக்கிறது என்ற புகாரும் வந்தது. ரேக் வாங்கியாயிற்று, வெள்ளிக்கிழமை வருகிறது. யாருக்காவது கேள்வி இருந்தால் இப்போதே கேட்கலாம், டீ இன்னும் பத்து நிமிடத்தில் வரும்.